எட்டு நிமிடம் இருபது விநாடி: சைஜோவிலும் நாடாவிலும் சாக்கே ஆலைகள்

பிப்ரவரி 17, 2025, திங்கள் – சைஜோ

ஹிரோஷிமாவிலிருந்து சான்யோ பாதையில் சாதாரண ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் சைஜோ. நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே ஓட்டுக்கூரைகளுக்கு மேலே செங்கல் புகைபோக்கிகள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஓர் ஆலையின் பெயர் வெள்ளை எழுத்தில் மேலிருந்து கீழாக இருக்கும். ஐந்து நிமிட நடைக்குள் ஏழு ஆலைகள். கமோட்சுரு, ஹகுபோட்டன், ஃபுகுபிஜின், கமோஇசுமி எல்லாம் இந்த ஒரே தெருவையும் அதன் சந்துகளையும் சேர்ந்தவை.

பெயரில் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானியருக்கு 'சாக்கே' என்றால் மது. பீரும் சாக்கேதான், விஸ்கியும் சாக்கேதான். அரிசியில் செய்ததுதான் வேண்டுமென்றால் 'நிஹோன்ஷு' என்று கேட்க வேண்டும். ஆலைக்கு 'குரா' என்று பெயர். இந்தக் கட்டுரையில் நம் வழக்கப்படி சாக்கே என்றே எழுதுகிறேன்.

வாசல் உத்தரத்தில் தொங்கும் கூடைப்பந்து அளவு உருண்டையைப் பார்த்தால் பறவைக்கூடு என்று தோன்றும். தேவதாரு வகை மரத்தின் இலைக்கொத்துகளைக் கட்டி உருண்டையாகக் கத்தரித்தது அது. பருவத்தின் புது சாக்கே பிழிந்ததும் பச்சையாகத் தொங்கவிடுவார்கள். வெயிலிலும் மழையிலும் அது பழுப்பாக ஆக, உள்ளே சாக்கேயும் பதமாகிக்கொண்டிருக்கிறது என்று கணக்கு. இப்போது பாதி உருண்டைகள் பச்சையாகவே இருக்கின்றன.

பல ஆலைகளின் வாசலில் கிணற்று நீர்க் குழாய் இருக்கிறது. ஊர்க்காரர்கள் பிளாஸ்டிக் கேன்களோடு வந்து பிடித்துப் போகிறார்கள், காசு கிடையாது. காலி பாட்டில் கொண்டுபோவது நல்லது. குடித்துப் பார்த்தால் நாக்கில் எதுவுமே படாத தண்ணீர். கோபே நகரில் உள்ள நாடா என்ற சாக்கே ஊருக்குப் போனபின் இந்தச் சுவையை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

திங்கட்கிழமை வந்தது தவறு. ஆலைக் கடைகளில் சில மூடியிருந்தன. இரவுச் சாப்பாடு பிஷுநாபே: பன்றி இறைச்சி, கோழி, கோழியின் இரைப்பை, முட்டைக்கோஸ், வெங்காயம் எல்லாவற்றையும் சாக்கே ஊற்றி, உப்பும் மிளகும் மட்டும் போட்டுக் கொதிக்க வைப்பது. ஆலைத் தொழிலாளர் சாப்பாடாகத் தொடங்கியது. ஆல்கஹால் ஆவியாகிவிடுவதால் வாயில் மிஞ்சுவது அரிசியின் இனிப்பு. சோயா சாஸ் சேர்ப்பதில்லை. நனைந்த கையோடு வேலை செய்தவர்கள் சாக்கே சுவைத்துப் பார்க்கும் நாக்கைக் கெடுக்காமல் சாப்பிட ஏற்ற குழம்பு. சைவர்களுக்கு இந்தத் தெருவில் பாடுதான். காய்கறி என்று கொடுப்பதிலும் மீன் சாறு இருக்கும்.

பிப்ரவரி 18, செவ்வாய் – குராவுக்குள்

காலை ஏழே முக்கால். பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர், நடைபாதையில் உறைபனி. சிறிய ஆலை, முன்பதிவு செய்தவர்களை மட்டும், எட்டுப் பேருக்கு மேல் போகாமல் உள்ளே விடுகிறார்கள்.

முன்கூட்டியே வந்த கடிதத்தில் இரண்டு தடைகள் எழுதியிருந்தன: வாசனைத் திரவியம் போடக்கூடாது, முந்தின நாளிலிருந்து நாட்டோ சாப்பிடக்கூடாது. நாட்டோ என்பது புளிக்க வைத்த சோயா. ஜப்பானிய விடுதியில் காலை உணவுத் தட்டில் கேட்காமலே வைத்துவிடுவார்கள். குழுவில் ஒருவர் அன்று காலை அதைச் சாப்பிட்டிருந்தார். வாசலில் கேட்டார்கள், உண்மையைச் சொன்னார், மிகப் பணிவாக முற்றத்திலேயே நிறுத்திவிட்டார்கள். கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, சூடான தேநீரும் கொடுத்தார்கள். இதில் மிகை ஏதும் இல்லை. நாட்டோவைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா கொதிநீருக்கும் சாகாத வித்துகளை உண்டாக்கும். அது கோஜி, அதாவது பூஞ்சணம் படரவிட்ட சோறு, தயாராகும் அறைக்குள் புகுந்தால் சோற்றில் படர வேண்டிய பூஞ்சணத்தை முந்திக்கொண்டு வளரும், கோஜி நாட்டோபோலப் பிசுபிசுக்கும். அறையை முழுவதும் கழுவி மீண்டும் தொடங்குவதற்குள் பருவத்தில் பல நாள் போய்விடும்.

ரப்பர் பூட்ஸ், தலையுறை, கையில் ஆல்கஹால் தெளிப்பு. உள்ளே நுழைந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. பெரிய தொட்டி போன்ற கொப்பரையில் அரிசி வேகிறது. தண்ணீரில் போட்டு வேகவைப்பதில்லை, இட்லிபோல ஆவியில் அவிப்பது. ஏறத்தாழ ஒரு மணி நேரம். வெளியே உறுதியாகவும் உள்ளே குழைந்தும் இருக்க வேண்டும் என்பதே குறி. தண்ணீரில் வெந்த சோறு ஒன்றோடொன்று ஒட்டும், பூஞ்சணம் உள்ளே இறங்காது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கேயும் வேலை செய்கிறது. தோஜி, அதாவது சாக்கே செய்வதற்குத் தலைமை தாங்குபவர், கொதிக்கும் சோற்றை ஒரு பிடி எடுத்து மரப்பலகையில் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து அப்பளம்போலப் பரப்பினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் நடு வேகவில்லை. பசைபோல இழுபட்டால் நேற்று ஊறியது அதிகம். இன்றைய சோற்றைப் பார்த்து நேற்றைய வேலையைத் திருத்த முடியாது. நாளைக்கான அரிசியை ஊறவைக்கும்போது விநாடிகளைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

வெந்த சோற்றை ஆறவிட்டு, ஐந்தில் ஒரு பங்கைக் கோஜி அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். உண்மையிலேயே ஓடுகிறார்கள். வெளியே உறைபனி, அறைக்குள் 30 டிகிரி. வழியில் சோறு தேவைக்கு மேல் ஆறிவிடக்கூடாது. பார்வையாளருக்கு அறைக்குள் அனுமதி இல்லை, கண்ணாடிச் சன்னல் வழியாகத்தான் பார்க்கலாம். மேசையில் சோற்றைப் பரப்பி, துளைபோட்ட டப்பாவிலிருந்து வித்துப்பொடியைத் தூவுகிறார்கள். பச்சை கலந்த மென்தூள், புகைபோல மிதந்து இறங்கியது. யாரும் அசையவில்லை, பேசவில்லை. நூறு கிலோ அரிசிக்கு நூறு கிராம் கூடத் தேவைப்படாது. ஒருவர் தும்மினால் தூள் ஒரு மூலைக்குப் போய்விடும்.

இரண்டு நாளில் கோஜி தயார். சும்மா விட்டுவிட்டுப் போகிற வேலை இல்லை. பூஞ்சணம் வளரும்போது அதுவே சூடாகும், 40 டிகிரியைத் தாண்டும். குவித்தும் பரப்பியும் கிளறியும் அந்தச் சூட்டை ஆட்ட வேண்டும், இரவில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழ வேண்டும். நல்ல கோஜியில் வெண்மை அரிசியின் மேல்தோலில் பூசினாற்போல இருக்காது, வேர்போல நடுவை நோக்கி இறங்கியிருக்கும். சன்னலுக்கு வெளியே ஒரு தட்டில் முடிந்த கோஜியைத் தின்னக் கொடுத்தார்கள்: சுட்ட கஷ்கொட்டை வாசனை, மெல்ல மெல்ல இனிப்பு. அரிசி மாவை ஈஸ்ட்டால் நேரடியாகத் தின்ன முடியாது, கோஜிதான் மாவைச் சர்க்கரையாக்கித் தருகிறது. பியரில் முளைகட்டிய பார்லி செய்யும் வேலை இது. பியரில் சர்க்கரையாக்குவது முடிந்த பிறகே நொதிக்கத் தொடங்கும். சாக்கேயில் இரண்டும் ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நொதித்து மட்டும், வடித்து ஏற்றாமல், 20 சதவீதம் வரை ஆல்கஹால் ஏறுவதற்கு அதுவே காரணம்.

மாடியில் ஊறல், அதாவது நொதிக்கும் கலவை, இருக்கும் தொட்டிகள். தொட்டியின் வாய் தரையோடு தரையாகத் திறந்திருக்கும், சுற்றிலும் கயிறு. முதலில் உறை: கோஜி, சோறு, தண்ணீர், ஈஸ்ட், கொஞ்சம் லாக்டிக் அமிலம் சேர்த்து இரண்டு வாரம். அமிலம் சேர்க்காமல் இயற்கையாகப் புளிக்கவிடும் பழைய முறைக்கு நான்கு வாரம் ஆகும். பிறகு நான்கு நாளில் மூன்று தவணையாக அரிசி சேர்ப்பது: முதல் நாள் கொஞ்சம், இரண்டாம் நாள் எதுவும் இல்லை, மூன்றாம் நாள் ஏறத்தாழ இரண்டு மடங்கு, நான்காம் நாள் மிச்சம் முழுவதும். இரண்டாம் நாள் ஓய்வில் ஈஸ்ட் பெருகும். மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டினால் ஈஸ்ட்டும் அமிலமும் நீர்த்துப்போய் வேண்டாத பாக்டீரியா முந்திவிடும்.

நாங்கள் பார்த்த தொட்டியில் 17ஆம் நாள். கரும்பலகையில் 10.4 டிகிரி, நிஹோன்ஷுடோ மைனஸ் 24 என்று எழுதியிருந்தது. சாக்கேயின் அடர்த்தியைத் தண்ணீரோடு ஒப்பிடும் எண் அது. சர்க்கரை மிகுந்தால் மைனஸ், சர்க்கரை குறைந்து ஆல்கஹால் ஏற ஏற பிளஸ் பக்கம் போகும். வாழைப்பழம், ஆப்பிள் வாசனை. குளிர்ச்சி குறைந்து ஊறல் 15 டிகிரிக்குப் போனால் வேகமாக முடியும், ஆனால் அந்த வாசனை பறந்துவிடும். எனவே ஒரு மாதம் இழுக்கிறார்கள்.

ஒருவர் எட்டி முகர்ந்து பார்க்கக் குனிந்தார். வழிகாட்டி கயிற்றுக்கு இந்தப் பக்கமாக அவர் தோளைப் பிடித்து இழுத்துவிட்டு, லைட்டரை ஏற்றித் தொட்டி விளிம்புக்குக் கீழே இறக்கிக் காட்டினார். சுடர் பட்டென்று அணைந்தது. ஊறலுக்கு மேலே நிற்பது கார்பன் டை ஆக்சைடு. இரண்டு மூச்சில் மயக்கம், விழுந்தால் மூழ்குவதற்கு முன்பே முடிந்துவிடும். துடுப்பால் கிளறுகிறவர் தனியாக மாடியில் நிற்கக்கூடாது என்பது இதனால்தான்.

பத்தரை மணிக்கு நாளைய அரிசி களைகிறார்கள். பார்க்க மிகச் சாதாரணம், ஆனால் சுற்றிப் பார்த்ததில் இதுதான் மனதில் நின்றது. ஹிரோஷிமாவின் ஹத்தான் நிஷிகி, 60 சதவீதம் மிஞ்சும்வரை தீட்டியது. ஆலையில் நீண்ட நேரம் தீட்டிய அரிசி உராய்வுச் சூட்டில் காய்ந்திருக்கும். உடனே நனைத்தால் வெடித்துவிடும் என்பதால் மூன்று வாரம் பையில் ஆறவிட்டிருக்கிறார்கள். இந்த ரகத்துக்கு மணியின் நடுவில் இருக்கும் வெள்ளை மாவுக் கரு பெரிது, இன்னும் ஆழமாகத் தீட்டினால் உடையும். யமடா நிஷிகி என்ற ரகத்துக்குக் கரு மெல்லிய கோடுபோல இருப்பதால் 35 சதவீதம் வரைக்கும் தாங்கும்.

பத்துப் பத்துக் கிலோவாக வலைப்பையில் போட்டுக் களைந்து, குளிர்ந்த தண்ணீரில் ஒரே நேரத்தில் இறக்குகிறார்கள். ஒருவர் கையில் ஸ்டாப் வாட்ச். தோஜி நான்கைந்து மணிகளைக் கறுப்புத் தட்டில் போட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். தண்ணீர் உள்ளே போகப் போக மணி கண்ணாடித் தன்மையை இழந்து பாலாக மாறும், நடுவில் இன்னும் நனையாத புள்ளி சிறுத்துக்கொண்டே வரும். இன்றைக்கு எட்டு நிமிடம் இருபது விநாடி. கை உயர்ந்ததும் எல்லாப் பைகளும் ஒன்றாக மேலே வந்தன. நீர் வடித்து எடை போடுகிறார்கள்: 10 கிலோ 13.1 கிலோவாக வேண்டும். 13.4 ஆகிவிட்டால் சோறு பிசுபிசுக்கும், கோஜி மேலே பூசும், தொட்டியில் சோறு விரைவில் கரைந்து சாக்கே கனத்துக் கசக்கும். 12.8 என்றால் சோறு கரையாது, சாக்கே நீராக ஓடும், சக்கை குவியும். அரை நிமிடப் பிழை ஒரு மாதம் கழித்துப் பிழியும்போது வெளிப்படும். தண்ணீரின் சூடு ஒரு டிகிரி மாறினாலும் விநாடிகள் மாறும் என்பதால் நேற்றைய கணக்கை இன்று எடுத்துக்கொள்ள முடியாது.

பிப்ரவரி 19, புதன் – சுவை

சைஜோவில் பல கடைகளில் மூன்று கோப்பைத் தொகுப்பு 500 முதல் 1,000 யென். வெள்ளைப் பீங்கான் கோப்பையின் அடியில் நீல நிற வட்டங்கள் இருக்கும். அலங்காரத்துக்கு இல்லை: வெள்ளையில் மஞ்சள் சாயல் தெரியும், நீலத்தின் விளிம்பு மங்கினால் சாக்கே கலங்கல் என்று தெரியும்.

வரிசையைத் தவறாகத் தொடங்குவது பலரும் செய்வது. விலை கூடிய டைகின்ஜோவை முதலில் குடித்தால் அதன் பழ வாசனைக்குப் பின் எதுவும் வெறும் தண்ணீர். மெல்லியதிலிருந்து கனத்துக்கும், குளிர்ந்ததிலிருந்து சூட்டுக்கும் போக வேண்டும். ஒவ்வொரு கோப்பைக்கும் அதே அளவு வெறும் தண்ணீர் குடிக்க வேண்டும், அதற்கென்று குவளை வைத்திருக்கிறார்கள். சுவைத்துத் துப்பக் குடுவை உண்டு, அதைப் பயன்படுத்துவதை யாரும் குறையாக நினைப்பதில்லை.

டைகின்ஜோ என்றால் 50 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சத் தீட்டியது, கின்ஜோ என்றால் 60. 'ஜுன்மாய்' என்ற சொல் சேர்ந்தால் அரிசி, கோஜி, தண்ணீர் தவிர வேறில்லை. சேராவிட்டால் வாசனையைப் பிடித்துவைக்கக் கொஞ்சம் ஆல்கஹால் சேர்த்திருக்கிறார்கள். அது கலப்படம் என்று நினைப்பது தவறு, போட்டிக்குப் போகும் சாக்கேயில் பல அப்படித்தான்.

சூடுபடுத்த வேண்டிய ஜுன்மாயை 40 முதல் 45 டிகிரியில் நிறுத்தினால் போதும். சிறு குடுவையை அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் வைப்பது வழி. மைக்ரோவேவில் மேலே கொதித்து அடியில் குளிர்ந்திருக்கும். கூடவே பிப்ரவரி ஹிரோஷிமா சிப்பி: மிசோ (புளிக்க வைத்த சோயா விழுது) பூசிய சட்டியில் வெந்தது, சூட்டு ஜுன்மாயோடு. அன்றைய நாளில் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

வாடகைக் காரில் வந்தவர் சட்டை மேல் ஓர் அட்டையை மாட்டிக்கொண்டு அமசாக்கே என்ற இனிப்புப் பானம் குடிக்க வேண்டியிருந்தது. கோஜியில் செய்த அமசாக்கேயில் ஆல்கஹால் கிடையாது. சாக்கே சக்கையில் செய்ததில் சிறிது இருக்கும், கேட்டுத்தான் குடிக்க வேண்டும். மூச்சில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் வந்தாலே குற்றம், ஊற்றிக்கொடுத்தவருக்கும் உடன் பயணித்தவருக்கும் தண்டனை உண்டு. சைக்கிளுக்கும் 2024 நவம்பர் முதல் அதே அளவு, சிறை வரை போகலாம். குடிக்கச் சட்டப்படி வயது 20.

பிப்ரவரி 20, வியாழன் – நாடா, கோபே

சைஜோவும் ஹிகாஷி ஹிரோஷிமா ஷின்கான்சென் (அதிவேக ரயில்) நிலையமும் ஒரே ஊரில் என்றாலும் பல கிலோமீட்டர் தூரம். பேருந்து குறைவு, பெரும்பாலும் எல்லா நிலையத்திலும் நிற்கும் கோடாமா ரயில்தான் நிற்கும். ஹிரோஷிமாவுக்குத் திரும்பி நேராக ஷின்கோபே போவது நிம்மதி. இன்று பனித்தூறல், ரொக்கோ மலையிலிருந்து இறங்கும் காற்று காதை அறுத்தது. இந்தக் காற்றுதான் நாடாவின் குளிர்சாதனப் பெட்டியாக இருந்தது. ஆலைகள் நீளவாக்கில் கிழக்கு மேற்காக, வடக்குச் சன்னல்களோடு கட்டப்பட்டன.

ஹகுட்சுரு, கிகுமசமுனே அருங்காட்சியகங்கள் இரண்டிலும் நுழைவு இலவசம். நான்கு மணிக்கு மேல் உள்ளே விடுவதில்லை. மனித உயரப் பொம்மைகள், பெரிய மரத்தொட்டிகள், பிழியும் பலகைகள். கிகுமசமுனேயின் கட்டடம் 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தில் இடிந்தது. கருவிகளை இடிபாடுகளிலிருந்து மீட்டு 1999இல் மீண்டும் திறந்தார்கள். அன்று நாடாவின் பழைய மரக்கட்டட ஆலைகள் பெரும்பாலானவை தரைமட்டமாயின. ஆகவே சைஜோவில் நீங்கள் பழைய சுவருக்குள் வேலையைப் பார்க்கிறீர்கள், நாடாவில் பழைய வேலையைப் புதிய சுவருக்குள் பார்க்கிறீர்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு கதை நாடாவில் எல்லோரும் சொல்வது. 1840இல் யமமுரா தசாஎமோன் என்பவருக்கு நிஷினோமியாவிலும் உஒசாகியிலும் ஆலைகள். நிஷினோமியாச் சாக்கே எப்போதும் மேல். தோஜியை மாற்றினார், அரிசியை மாற்றினார், பலன் இல்லை. கடைசியில் நிஷினோமியாக் கிணற்று நீரை உஒசாகிக்கு ஏற்றி வந்தார், சாக்கே தேறியது. அதுவே மியாமிசு. பாஸ்பரஸும் பொட்டாசியமும் மிகுதி, அதனால் ஈஸ்ட் வேகமாக வேலை செய்யும். சாக்கேயை நிறம் மாற்றிக் கெடுக்கும் இரும்பு மிகக் குறைவு.

ஹிரோஷிமா நீர் பெரும்பாலும் மென்மை, ஈஸ்ட்டுக்கு அதில் தீனி போதாது. நாடாவின் முறையை அப்படியே பின்பற்றியவர்களின் தொட்டிகள் பாதியில் நின்று கெட்டன. ஹிரோஷிமாவின் அகிட்சு ஊரைச் சேர்ந்த ஆலைக்காரர் மியுரா சென்சபுரோ, கோஜியை அரிசியின் நடுவரைக்கும் வளர்த்து, ஊறலைக் குளிரில் மெதுவாக நடத்தும் முறையை 1898இல் எழுதி வெளியிட்டார். செவ்வாய்க்கிழமை பார்த்த 10.4 டிகிரியும் வேர் இறங்கிய கோஜியும் அந்தத் தீர்வுதான். 1907இன் முதல் தேசியப் போட்டியில் ஹிரோஷிமா நாடாவை முந்தியது. இரண்டு ஊர் சாக்கேயையும் பக்கத்தில் வைத்துக் குடித்தால் நாடா நேராக, விறைப்பாக இறங்குகிறது. சைஜோ நாக்கிலேயே தங்கி இனிக்கிறது. என் வாக்கு சைஜோவுக்கு, சிப்பி இருந்தால் நாடாவுக்கு.

பிப்ரவரி 21, வெள்ளி – பெட்டி கட்டுதல்

720 மில்லி ஜுன்மாய் 1,600 முதல் 2,000 யென், கின்ஜோ 2,200 சுற்றி, டைகின்ஜோ 4,000க்கு மேல். 2025இல் ஒரே கடையில் 5,000 யென்னுக்கு வாங்கி பாஸ்போர்ட் காட்டினால் 10 சதவீத வரி இருக்கவில்லை. அப்படி வாங்கியதை ஒட்டிய பையில் தந்தார்கள், நாட்டை விட்டு வெளியேறும்வரை திறக்கக்கூடாது என்பது விதியாக இருந்தது. இந்தியாவுக்குள் இரண்டு லிட்டர் வரை தீர்வை இல்லை. அதாவது இரண்டு 720 பாட்டில்தான் நிம்மதி. 1.8 லிட்டர் பாட்டில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயரம், விடுதிக் குளிர்சாதனப் பெட்டியில் நிற்காது.

சூடுபடுத்தாத 'நாமா' வாங்குவது பெரிய ஆசை, பெரிய தலைவலியும். 60 முதல் 65 டிகிரியில் சூடுபடுத்தாததால் என்சைம்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், 5 டிகிரிக்குக் கீழே வைத்தே ஆக வேண்டும். ஊருக்குக் கொண்டுவரச் சூடுபடுத்தியதை எடுங்கள். சக்கை 500 கிராம் 400 யென், அட்டைபோலத் தகடாக இருக்கும். சர்க்கரை தூவி வாட்டித் தின்னலாம்.

கலங்கல் சாக்கேயில் 'உயிருள்ளது' என்று எழுதியிருந்தால் மூடியைப் பாருங்கள். உள்ளே இன்னும் நொதிப்பதால் வாயு வெளியேற ஊசித் துளை போட்டிருப்பார்கள். குழுவில் ஒருவர் அதைத் தோள்பையில் படுக்க வைத்துக்கொண்டு ஷின்கான்சென்னில் ஏறினார். ஒகயாமா தாண்டுவதற்குள் பெட்டி முழுக்க வாழைப்பழ வாசனை. பக்கத்து இருக்கைப் பாட்டி எதுவும் கேட்காமல் தன் கைத்துண்டை நீட்டிவிட்டு, பாட்டிலை வாங்கி இரண்டு கால்களுக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.